இரண்டிருக்கைக் காரும் பின்னொலிபெருக்கியும்

மோட்டார்க் காரில் ஒலிபெருக்கிகளை முன்னும் பின்னுமாக அமைப்பது எங்குங் காணப்படும் வழக்கமாகும். முன்னிருக்கையில் இருப்போர்க்கு முன்னொலிபெருக்கி, பின்னிருக்கையில் இருப்போர்க்குப் பின்னொலிபெருக்கி என்னும் இப்பங்கீட்டின் நியாயம் வெளிப்படையானது. ஆயின், பின்னிருக்கையே இல்லாத காருக்கும் பின்னொலிபெருக்கி வேண்டுமென்போர் பலர் உளர். இருவர் மாத்திரம் அமர்ந்து செல்லுதற்குரிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்கள், தொழிற்சாலையிற் பொருத்தப்பட்டு வந்த ஸ்டீரியோக் கருவியோடு அமையாது, மேலும் இரண்டு ஒலிபெருக்கிகளை இருக்கைக்குப் பின்னே இணைக்க முயல்கின்றனர். பின்னால் எவரும் இல்லாதவிடத்து அவ்வொலி யார் பொருட்டு? இவ்வினா விளையாட்டாகத் தோன்றினும், இதற்கு விடை காண்பதற்குச் செவியின் இயல்பையும் காற்றின் இரைச்சலையும் மின்சுற்றின் கணக்கையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.

கார் வானொலியின் வரலாறு இங்கு ஓரளவு பயன்படும். 1930 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் கல்வின் சகோதரர்கள் ‘மோட்டரோலா’ என்னும் பெயரிற் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அக்காலத்துக் கருவிக்கு ஒலிபெருக்கி ஒன்றே. பின்னர், 1950களில், அமெரிக்கப் பெருங் கார்களிற் பின்னிருக்கைக்குப் பின்னாலுள்ள தட்டிலும் ஓர் ஒலிபெருக்கியை வேண்டுவோர் பொருத்திக்கொள்ளலாயினர். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு எனப் பங்கிடுதற்கு ஒரு திருகும் முகப்பில் இடம்பெற்றது. இவ்விரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே ஒலியையே தந்தன என்பது கவனிக்கத்தக்கது. இடச் செவிக்கும் வலச் செவிக்கும் வெவ்வேறு ஒலி தரும் ஸ்டீரியோ முறைக்கு அலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1931 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரியிருந்தாராயினும், ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் 1958 ஆம் ஆண்டளவிலேயே சந்தைக்கு வந்தன. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் கசெற் நாடாவை வெளியிட்ட பின்னர், அம்முறை காரினுள்ளும் மெல்ல நுழைந்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. இடம், வலம் என்னும் வேறுபாடு பதிவுசெய்யப்பட்ட இசையிலேயே உள்ளது. முன், பின் என்னும் வேறுபாடோ சாதாரண ஸ்டீரியோப் பதிவில் இல்லை. நான்கு ஒலிபெருக்கிகளையுடைய காரிற் பின்னிரண்டும் முன்னிரண்டின் படிகளே. ஆகவே, பின்னொலிபெருக்கியைச் சேர்ப்பவர் இசையிற் புதிதாக எதனையும் பெறுகின்றாரல்லர். முன்னரே கேட்டுக்கொண்டிருந்த ஒலியை வேறோர் இடத்திலிருந்தும் கேட்கின்றார். அவ்வாறு கேட்பதால் நன்மை உண்டா என்பதே ஆராய்தற்குரியது.

எடுத்துக்காட்டாக ஒரு காரைக் கொள்ளலாம். 1989 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் சிக்காகோ மோட்டார்க் காட்சியில் யப்பானிய மஸ்டா நிறுவனத்தார் எம்.எக்ஸ்-5 என்னும் சிறு காரை வெளியிட்டனர். வட அமெரிக்காவில் மியாற்றா என வழங்கிய இக்கார், 2016 இல் பத்து இலட்சமாவது காரையும் கண்டு, இரண்டிருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களுள் உலகில் மிகுதியாக விற்பனையானது என்னும் பெயரைப் பெற்றது. அதன் துணிக்கூரை மடிந்து இருக்கைகளுக்குப் பின்னேயுள்ள தட்டின்மேற் படியும். அத்தட்டின் உலோகத்துக்குக் கீழே, முதலாந் தலைமுறைக் காரிற் பெற்றோல் தாங்கி இருக்கின்றது. மேலே கூரை, கீழே பெற்றோல். இடையில் ஒலிபெருக்கிக்கு இடம் எங்கே? கதவுகளில் உள்ள ஒலிபெருக்கிகளோ தாழ்வாக, சாரதியின் காலை நோக்கியிருப்பன. கூரையைத் திறந்து பெருவீதியில் விரையும்போது, அவற்றின் ஒலி செவியை எட்டுமுன்னரே காற்று அதனை அமிழ்த்திவிடுகின்றது. உருவாக்கியோர் இதனை அறியாதாரல்லர். ஆதலின், இக்காரின் சில வகைகளில் இருக்கையின் தலைதாங்கிக்குள்ளேயே சிறு ஒலிபெருக்கிகளை வைத்தனர். ஏனைய வகைகள் கதவொலிபெருக்கிகளோடு மாத்திரம் வந்தன.

தலைதாங்கியில் வைத்தமை இடமின்மையாற் செய்யப்பட்ட சமாளிப்பாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்பின் அது மிகச் சிறந்த தெரிவாகும். திறந்த வெளியில் ஒலியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவடையும். கதவிலுள்ள ஒலிபெருக்கி செவியிலிருந்து 90 சென்ரிமீற்றர் தூரத்திலும், தலைதாங்கியிலுள்ளது 15 சென்ரிமீற்றர் தூரத்திலும் உள்ளனவெனக் கொண்டால், தூரங்களின் விகிதம் ஆறு. செறிவுகளின் விகிதம் முப்பத்தாறு. ஏறத்தாழ 15½ டெசிபெல் இலாபம். ஒத்த திறனுடைய ஒலிபெருக்கிகளாயின், கதவிலுள்ளதற்கு 36 வாற்று வலு கொடுத்துச் செய்வதைத் தலைதாங்கியிலுள்ளது ஒரு வாற்றினாற் செய்துவிடும். கூரை மூடிய காரிற் கண்ணாடியிலும் பிற பரப்புக்களிலும் தெறிக்கும் ஒலி இவ்வேறுபாட்டைக் குறைக்குமாயினும், கூரை திறந்த காரில் இக்கணக்குப் பெரிதும் பொருந்தும். இதனோடு, மற்றைய வழியை ஒப்பிடுக. கதவிலுள்ளன போன்ற இரண்டு ஒலிபெருக்கிகளை அதே தூரத்திற் கூடுதலாக வைத்து, அவற்றுக்கும் அதே வலுவைக் கொடுத்தால், மொத்த வலு இருமடங்காகும். பெறப்படுவது 3 டெசிபெல் மாத்திரமே. செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்றுதற்கோ ஏறத்தாழ 10 டெசிபெல், அஃதாவது பத்துமடங்கு வலு, வேண்டும். எனவே, வலுவைப் பெருக்குவதிலும் ஒலிபெருக்கியைச் செவிக்கு அண்மையிற் கொணர்வதே மிக மலிவான வழி.

ஆயின், அண்மை தருவது முழுவதும் இலாபமன்று. கச்சேரி கேட்பவன் மேடையை நோக்கியே அமர்கின்றான். பாடகரின் குரல் அவனது பிடரிக்குப் பின்னாலிருந்து வருமாயின் அவனுக்கு மனம் ஒவ்வாது. காரிலும் முன்னால் இசைமேடை ஒன்று உண்டென்னும் உணர்வு வேண்டப்படுகின்றது. இங்குதான் செவியின் விந்தையான இயல்பு குறுக்கிடுகின்றது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து மிகச் சிறிது கால வேறுபாட்டோடு வந்தால், செவி அவற்றை இரண்டாகக் கேட்பதில்லை. ஒன்றாகவே கேட்டு, முதலில் வந்தது எத்திசையோ அத்திசையிலிருந்தே முழுவதும் வந்ததாகக் கொள்கின்றது. ஜெர்மனியில் லோதர் கிரெமர் 1948 இலும், ஹெல்முற் ஹாஸ் 1949 இலும் இதனை ஆராய்ந்து விளக்கினர். திருவிழாக் காலத்திற் கோயில் வீதியில் மரத்துக்கு மரம் கட்டப்பட்ட ஒலிபெருக்கிகளுக்கிடையே நடந்து செல்பவன், பாடல் முழுவதும் தனக்கு அண்மையிலுள்ள ஒன்றிலிருந்தே வருவதாக உணர்வதும், சில அடி நடந்தவுடன் அது அடுத்த மரத்துக்குத் தாவிவிடுவதும் இதனாலேயே.

ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும். மேலே கூறிய தூரங்களின் வேறுபாடாகிய 75 சென்ரிமீற்றரைக் கடக்க அதற்குச் செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமான நேரம் வேண்டும். இது அற்பமெனத் தோன்றலாம். ஆனால், ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி அண்மைச் செவியை அடைவதற்கும் மறு செவியை அடைவதற்கும் இடையிலுள்ள காலம் ஆயிரத்தில் ஒரு பங்கிலுங் குறைவு. அதனைக் கொண்டே மூளை திசையறிகின்றது. அத்தகைய மூளைக்கு ஆயிரத்தில் இரண்டு பங்கு தாராளமான கால அளவு. தலைதாங்கியின் ஒலி முந்தியும் வருகின்றது, உரத்தும் வருகின்றது. விளைவாக இசைமேடை முழுவதும் காரின் முன்புறத்திலிருந்து பெயர்ந்து சாரதியின் பிடரியில் வந்து அமர்ந்துவிடுகின்றது. பின்னொலிபெருக்கி பூட்டிய பலர், முதல் நாள் மகிழ்ந்து, மறுவாரம் அதனைத் தணித்துவிடுவதன் காரணம் இதுவே.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, பின்னொலியின் அளவைக் குறைத்தல். மற்றையது, பின்னொலியைத் தாமதப்படுத்தல். இக்காலத்துக் கருவிகள் பலவற்றில் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தனித்தனியே காலத்தாழ்வு கொடுக்கும் வசதி உண்டு. பின்னொலியைச் செக்கனின் ஆயிரத்திற் பத்து அல்லது பதினைந்து பங்கு தாமதிக்கச் செய்தால், அது முன்னொலியிலும் ஓரளவு உரத்திருப்பினும், திசையை முன்னொலியே நிருணயிக்கும். பின்னொலி அதற்கு வலிமை மாத்திரம் சேர்க்கும். ஹாஸ் கண்டதன் நேரடியான பயன் இது. தாமதத்தை மேலும் நீட்டினாற் பேச்சும் தாளமும் இரட்டித்து எதிரொலியாகக் கேட்கும். 1960களில் இலத்திரனியல் தாமதக் கருவிகள் இல்லாதபோது, அமெரிக்கக் கார்கள் சிலவற்றிற் பின்னொலியை ஓர் உருக்குச் சுருளினூடாகச் செலுத்தி முழக்கம் உண்டாக்கினர். வீதியின் பள்ளத்திற் கார் குலுங்கியபோது சுருளும் உடன் குலுங்கி, இசையில் இல்லாத இடியோசை ஒன்றையும் இலவசமாக வழங்கியது.

இனி மின்சுற்றைக் கவனித்தல் வேண்டும். இவ்வேலையில் கருவி பழுதாவது பெரும்பாலும் இங்கேயே. இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ற்று. இக்காலத்துக் கார் ஸ்டீரியோவில் ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் இரண்டு விரியலாக்கிகளுக்கிடையே பாலம்போல இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று தள்ளும்போது மற்றையது இழுக்கும். இதனாற் சைன் அலையின் உச்சம் 14.4 வோல்ற்றை எட்டலாம். அதன் பயன்படு பெறுமானம் 10.2 வோல்ற்று. கார் ஒலிபெருக்கியின் தடங்கல் பொதுவாக 4 ஓம். 10.2 ஐ வர்க்கித்து 4 ஆல் வகுத்தால் 26 வாற்று வரும். நடைமுறையில் இதனிலுங் குறையும். கருவியின் பெட்டியில் ‘50 வாற்று’ என அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு மயங்குதல் ஆகாது. 14.4 ஐ அப்படியே வர்க்கித்து 4 ஆல் வகுத்தால் 52 வாற்று வருகின்றது. அலை முழுவதும் சிதைந்து சதுரமானாலன்றி அத்தகைய வலு கிட்டாது. அப்பொழுது அது இசையாகவும் இராது.

தொழிற்சாலைக் கருவியில் இடம், வலம் என இரண்டு வழிகளே உள்ளனவாயின், பின்னொலிபெருக்கியை முன்னதோடு சமாந்தரமாக இணைக்கலாமெனப் பலர் எண்ணுவர். 4 ஓம் இரண்டு சமாந்தரமாயின் 2 ஓம். மின்னோட்டம் 2½ அம்பியரிலிருந்து 5 அம்பியராகும். கருவி அதற்கென அமைக்கப்பட்டதன்று. தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு உண்டாயின் பாட்டு இடையிடையே அறும், இல்லையாயிற் கருவி கருகும். தொடராக இணைத்தாற் கருவிக்கு ஆபத்தில்லை. ஆனால் 8 ஓம் ஆகிவிட, ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் முன்பு கிடைத்ததிற் காற்பங்கு வலுவே கிடைக்கும். ஒலியைக் கூட்டுதற்கெனச் செய்த வேலை ஒலியைக் குறைத்து முடியும். அன்றியும் இவ்விரு வழிகளிலும் முன்னையும் பின்னையும் தனித்தனியே அளவிட முடியாது. ஆகவே, கருவியில் நான்கு வழிகள் உள்ளனவா என முதலிற் பார்த்து, இல்லாதவிடத்து நான்கு வழியுள்ள வேறு கருவியை மாற்றுவது, அல்லது தொழிற்சாலைக் கருவியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் ஒலிபெருக்கிக் கம்பிகளிலிருந்தே குறிப்பை ஏற்கவல்ல தனி விரியலாக்கி ஒன்றைச் சேர்ப்பது, என்னும் இரண்டுமே தக்கன. காரின் பழைய தோற்றம் கெடாதிருக்க விரும்புவோர்க்குப் பின்னையது பொருந்தும்.

பாலமுறை இணைப்பில் இன்னுமொரு பொறி உண்டு. பழைய வானொலிகளில் ஒலிபெருக்கியின் ஒரு கம்பியைக் காரின் உடலோடு இணைத்துவிடுதல் வழக்கம். புதிய கருவியில் ஒலிபெருக்கியின் இரு முனைகளும் உடலைவிட ஏறத்தாழ 7 வோல்ற்று உயர்ந்தே இருக்கும். அவற்றுள் எதனையேனும் உடலோடு சேர்ப்பது குறுஞ்சுற்று. பழைய நூலைப் பார்த்துப் புதிய கருவியைப் பூட்டுவோர் இதிலேயே தவறுகின்றனர்.

தலைதாங்கியில் அடங்கும் சிற்றொலிபெருக்கி தாழ்ந்த சுரங்களைத் தர இயலாது. அவற்றை அதற்கு அனுப்புவது அதன் கூம்பை வீணே வருத்துவதாகும். செக்கனுக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர்; 10,000 அதிர்வுள்ளதன் அலைநீளம் 3.4 சென்ரிமீற்றர். தாழ்ந்த சுரத்தைக் கதவிலுள்ள பெரிய ஒலிபெருக்கிக்கே விட்டுவிடலாம். உயர்ந்த சுரமோ ஒலிபெருக்கி நோக்கும் திசையிலேயே பெரும்பாலும் செல்லுதலின், காலை நோக்கிய கதவொலிபெருக்கியிலிருந்து செவிக்கு வந்து சேர்வது குறைவு. அக்குறையைத் தலைதாங்கி நிரப்பும். இதற்கு எளிய வழி, சிற்றொலிபெருக்கியோடு தொடராக ஒரு கொள்ளளவியை இணைத்தல். 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 200 மைக்கிரோபரட் கொள்ளளவி இடப்படின், செக்கனுக்கு 200 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் படிப்படியாகத் தடுக்கப்படும். நேர், எதிர் என்னும் முனைவேறுபாடு இல்லாத வகையையே இதற்குப் பயன்படுத்தல் வேண்டும். விரியலாக்கியிலேயே இவ்வடிகட்டல் உளதாயிற் கொள்ளளவி வேண்டியதில்லை.

கம்பிகளின் நேர், எதிர் முனைகள் மாறாதிருத்தலும் முக்கியம். ஓர் ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றையதன் கூம்பு பின்னே இழுக்குமாயின், இரண்டுஞ் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுட் தாழ்ந்தவை ஒன்றையொன்று அழிக்கும். ஒலிபெருக்கி கூடியும் இசை மெலிந்து கேட்கும். ஐயம் எழுந்தால், ஒலிபெருக்கியின் கம்பிகளைக் கருவியிலிருந்து கழற்றி, 1½ வோல்ற்று உலர்மின்கலத்தை ஒரு கணம் தொடுவித்துப் பார்க்கலாம். நேர்முனை நேர்முனையோடு பட்டிருந்தாற் கூம்பு வெளிநோக்கி அசையும்.

கம்பியின் பருமனைப் பற்றி விளம்பரங்கள் கூறுமளவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பி மீற்றருக்கு 0.017 ஓம் தடையுடையது. ஐந்து மீற்றர் போய் ஐந்து மீற்றர் மீள்வதற்கு 0.17 ஓம், 4 ஓமோடு ஒப்பிட இது நூற்றுக்கு நான்கு பங்கு. செவி இதனை அறியாது. கவலைப்பட வேண்டியது கம்பி செல்லும் பாதையைப் பற்றியே. இருக்கை முன்னும் பின்னும் நகர்வது. தலைதாங்கிக்குச் செல்லும் கம்பிக்கு அந்நகர்வுக்குரிய தொய்வு விடப்படாவிடின், தண்டவாளத்தில் நசுங்கி அறும். பிற்காலத்துக் கார்களில் இருக்கையின் பக்கத்திற் காற்றுப்பை இருக்கலாம். மஞ்சள் நிற இணைப்பிகள் அதற்குரியன, அவற்றிற் கைவைத்தல் ஆகாது. தனி விரியலாக்கி வைப்பின், அதன் மின் கம்பியில் உருகி பற்றரிக்கு மிக அண்மையில் இடம்பெறல் வேண்டும். உருகிக்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் எதுவும் இல்லை. முதலாந் தலைமுறை எம்.எக்ஸ்-5 இற் பற்றரி பின்புறப் பொதியறையிலேயே இருப்பதால், விரியலாக்கியையும் அங்கு வைப்பின் அக்கம்பி மிகக் குறுகும். ஆனால், இருக்கைக்குப் பின்னுள்ள தட்டில் ஒலிபெருக்கிக்கெனத் துளையிட முற்படுவோர், அதன் கீழே இருப்பது யாதென்பதை மறத்தலாகாது. ஒரு திருகாணியின் நீளம் பெற்றோல் தாங்கியைத் தொடப் போதுமானது.

இவை யாவுஞ் சரிவர அமைந்த பின்னரும் செவியின் நலம் பற்றிய கேள்வி எஞ்சுகின்றது. கூரை திறந்த காரிற் பெருவீதி வேகத்திற் சாரதியின் செவியருகே இரைச்சல் 85 டெசிபெலைத் தாண்டுவதாக அளவீடுகள் காட்டியுள்ளன. தொழிலிடங்களுக்கென அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவகம் வகுத்த அளவின்படி, 85 டெசிபெலை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வரை செவி தாங்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 க்கு நான்கு மணித்தியாலம், 91 க்கு இரண்டு, 94 க்கு ஒன்று. இரைச்சல் 88 ஆக, இசை அதனிலும் 6 டெசிபெல் உயர்ந்து ஒலிக்க வேண்டுமெனின், இசை மாத்திரமே ஒரு மணித்தியாலத்தில் நாள் முழுவதற்குமுரிய பங்கைத் தின்றுவிடும். தலைதாங்கி ஒலிபெருக்கி வலுவைச் சிக்கனப்படுத்துமேயன்றிச் செவியைச் சிக்கனப்படுத்தாது. செவிவாயிலில் 94 டெசிபெல் என்பது எங்கிருந்து வந்தாலும் 94 டெசிபெலே. பின்னால் வரும் அம்புலன்ஸ் வண்டியின் ஒலியையும் அதே செவிகளே கேட்க வேண்டியிருக்கின்றது.

எனவே, ஒலிபெருக்கிக்குச் செலவிடுமுன் இரைச்சலைக் குறைப்பதற்குச் செலவிடுவது அறிவுடைமை. பக்கக் கண்ணாடிகளை உயர்த்துதலும், இருக்கைகளுக்குப் பின்னே சுழன்றுவரும் காற்றைத் தடுக்கும் சிறு மறைப்பொன்றை நிறுத்துதலும் இரைச்சலைத் தணிக்கும். இரைச்சலில் ஒரு டெசிபெல் குறைந்தால், இசையிலும் ஒரு டெசிபெலைக் குறைத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கிக் கடைகளில் இம்மறைப்பு விற்கப்படாமையாலோ யாதோ, இதனைப் பற்றி அங்கு ஒருவரும் கூறுவதில்லை.

பூட்டிய பின் அளவை வகுக்கும் முறை எளிது. காரை அமைதியான இடத்தில் நிறுத்திக் கூரையை மூடி, தனிக் குரல் ஒன்று பாடும் பதிவை ஒலிக்கச் செய்தல் வேண்டும். முதலிற் பின்னொலியை முற்றாக நீக்கிக் குரல் முன்கண்ணாடிக்கு நேரே நிற்பதைக் கேட்டுக்கொள்க. பின்னர்ச் சிறிது சிறிதாகப் பின்னொலியைக் கூட்டுக. குரல் பின்னோக்கி நகரத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அதனிலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்துக. சரியான அளவிற் பின்னொலிபெருக்கி ஒலிப்பதே தெரியாது. அதனை நிறுத்தினால் மாத்திரம் ஏதோ குறைந்துவிட்டதெனத் தோன்றும். கூரை திறந்து ஓடும்போது இதே அளவு போதாதாகையால், வேறொரு நாள் உடன் செல்பவர் ஒருவரைக் கொண்டு, ஓடும் காரில் இரண்டாவது அளவொன்றையுங் குறித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். சாரதி தாமே திருகைத் தொடுதல் தகாது.